ரெண்டாம் தண்டலின் இடம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு, ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வருகிற ஆள் நான். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்திருக்கிறேன். சுடுகாட்டை ஒட்டிக் கூடாரம் போட்டுத் தூங்கியிருக்கிறேன், பாலத்துக்குக் குழி தோண்டும்போது மண்டையோடு வந்தால் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறேன். ராயபுரத்தில் எங்கள் தெரு முனை மரத்தடியில் ஒரு வெள்ளைக்காரன் நிற்பான் என்று சின்ன வயதில் பயமுறுத்துவார்கள், நாங்கள் அதே மரத்தடியில்தான் கேரம் ஆடினோம். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கேட்டு முடித்ததும் என்னை ஒரு பயந்தாங்கொள்ளி என்று நீங்கள் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நடந்தது ராத்திரியில்கூட இல்லை. நல்ல வெயிலில், காலை பதினோரு மணி வாக்கில், எட்டுப் பேர் காதுபட நடந்தது.

என் பெயர் சேவியர். பட்டாளத்தில் பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் செய்கிற பொறியாளர் பிரிவில் இருந்தேன். அங்கே கடைநிலை ஆளைச் சிப்பாய் என்று சொல்ல மாட்டார்கள், சாப்பர் என்பார்கள். சாப்பராகச் சேர்ந்து ஹவில்தாராக வெளியே வந்தேன். பயிற்சியில் இருந்தபோது சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டியிருந்தது. அதில் வெள்ளைக்காரன் காலத்துப் பதவிகளை மேலிருந்து கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள். செகண்ட் கார்ப்பரல் என்று ஒருவர், சட்டைக் கையில் ஒரே ஒரு பட்டை, நாங்கள் அவருக்கு அரை கார்ப்பரல் என்று பெயர் வைத்தோம். கண்டக்டர், சப் கண்டக்டர் என்று இரண்டு பதவி, கிடங்கும் சாமானும் அவர்கள் பொறுப்பு. இவர்கள் விசில் கொடுத்தால்தான் பட்டாளம் கிளம்புமா என்று நான் கேட்டுவிட்டேன், அதற்கு மைதானத்தை ஐந்து சுற்று ஓடவிட்டார்கள். பக்காலி என்றால் மாட்டின் மேல் தோல்பையில் தண்ணீர் கொண்டுவருகிறவர். எல்லாருக்கும் கீழே, கயிறும் கப்பியும் படகும் கையாளுகிற கலாசிகளின் பதவிகள் இருந்தன: சாரங்கு, முதல் தண்டல், இரண்டாம் தண்டல்.

வடசென்னைக்காரனுக்குத் தண்டல் என்றால் காலையில் கடன் வசூலுக்கு வந்து நிற்கிற ஆள்தான் ஞாபகம் வருவார். இது அது இல்லை. இந்தத் தண்டல், பாரம் தூக்குகிற கலாசிகளை மேய்க்கிறவர். முதல் தண்டல் புரிகிறது, குரல் கொடுத்து வேலை வாங்குவார். இரண்டாம் தண்டல் என்ன செய்வார் என்று அந்தச் சட்டத்தில் எழுதவில்லை, ஓடி முடித்த களைப்பில் நானும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து எண்ணூரில் ஒரு கால்வாய்க்கரையில் அதைத் தெரிந்துகொள்ளப் போகிறேன் என்று யார் கண்டது.

பட்டாளத்திலிருந்து வந்ததும் ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். பாரம் தூக்குகிற வேலை. பெரிய வேலைக்கெல்லாம் கிரேன் வந்துவிட்டது, கிரேன் நுழையாத சந்துபொந்து வேலைகள்தான் எங்களுக்கு வரும். அதற்குக் காதர் பாய் கேங். எட்டுப் பேர். காதர் பாய்க்கு அறுபது வயதிருக்கும், ஒல்லி, வெற்றிலை போடாமல் வாயைத் திறக்க மாட்டார். கேங்கில் அவரைத் தண்டல் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அந்தக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து ஒருவர் இறங்கி வந்துவிட்டாரே என்று.

அந்த எட்டுப் பேரில் ஒருவன் என் மச்சான் ஸ்டீபன், என் மனைவி பிலோமினாவின் தம்பி. வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருக்கிறான். துறைமுகத்தில் பார்த்த வேலை போய் ஒன்றரை வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தான். நான்தான் கேங்கில் சேர்த்துவிட்டேன். பிலோமினாவுக்கு அதில் இஷ்டமே இல்லை. அம்மா அப்பா போனபிறகு அவனை வளர்த்தவள் அவள். முதல் நாள் டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது, "இவன கூட்டிகினு போறது நீ. பத்திரமா கூட்டிகினு வரவேண்டியதும் நீதான்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூரில் அந்த வேலை என்னவென்றால், கால்வாய்க்கு மேல் ஒரு நடைபாலம். பழையது உப்புக்காற்றில் அரித்துப் போய்விட்டது. சாத்தாங்காட்டு மார்க்கெட்டில் இரும்பு வாங்கி, அங்கேயே ஒரு பட்டறையில் பாலத்தின் உத்திரமான கர்டரைச் செய்து, படகில் கொண்டுவந்து கரையில் இறக்கியாகிவிட்டது. மூன்றரை டன். அதைத் தூக்கிக் கால்வாயின் இரண்டு பக்கமும் இருக்கிற சிமென்ட் மேடையில் உட்கார வைக்க வேண்டும். ஒரு பக்கம் மீனவர் வீடுகள், ஷேர் ஆட்டோவே மூச்சுப் பிடித்துக்கொண்டுதான் நுழையும். இன்னொரு பக்கம் சேறு. கிரேனுக்கு வழியே இல்லை. ஆகவே பழைய முறைதான், ஒரு உயரமான இரும்புக் கம்பம் நட்டு, அதன் தலையில் கப்பி மாட்டி, கை வின்ச்சால் சுற்றித் தூக்குவது.

கம்பம் பாரத்தின் பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்கப் பின்னால் ஒரு கம்பிக்கயிறு இழுத்துக் கட்டுவார்கள். அந்தக் கயிறு எதில் கட்டப்படுகிறதோ, உயிர் அதில்தான் இருக்கிறது. நான் பட்டாளத்தில் கற்ற முறையில் இரும்பு முளைகள் அடித்தேன். முன்னால் மூன்று, அதன் பின்னால் இரண்டு, அதன் பின்னால் ஒன்று, ஒன்றை இன்னொன்று இழுத்துப் பிடிக்கிற மாதிரி கயிற்றால் சேர்த்துக் கட்டுவது. எத்தனையோ ஆற்றங்கரையில் செய்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். முளைக்கட்டு, கம்பத்துக்குப் பின்னால் நாற்பதடி தள்ளி, ஒரு இடிந்த காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அமைந்தது. நாங்கள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் கயிறு சுவரின் ஓட்டைக்குள் போவது தெரியும், முளை தெரியாது.

முதல் நாள் கம்பத்தை நிமிர்த்துவதற்கு முன்னால் காதர் பாய் நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டார்.

"வின்ச்சு?"

"இருக்கேன்" என்றான் மோசஸ். வின்ச் அவன் பொறுப்பு.

"கை கவுறு?"

"இருக்கோம்" என்றார்கள் பாரம் ஆடாமல் பக்கத்துக் கயிற்றைப் பிடிக்கிறவர்கள்.

"கீழ?"

"இருக்கேன்" என்றான் ஸ்டீபன்.

"ரெண்டாம் தண்டல்?"

யாரும் பதில் சொல்லவில்லை. எட்டுப் பேரும் சும்மா நின்றார்கள். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். அப்புறம் காதர் பாய் "ஆவேஸ்" என்று குரல் கொடுத்தார், கலாசி பாஷையில் தூக்கு என்று அர்த்தம், வின்ச் சுற்ற ஆரம்பித்தது.

மதியம் சாப்பிடும்போது கேட்டேன். "பாய், ரெண்டாம் தண்டல் யாரு? லீவா?"

"லீவுலாம் இல்ல சார்." காதர் பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார். "எங்க பாட்டன் பூட்டனுங்கல்லாம் பட்டாளத்து கலாசிங்க. வெள்ளக்காரன் கூட்டிகினு எங்கியோ வடக்க ஒரு ஆத்துக்குப் போனாங்களாம். படகுங்கள வரிசியா கட்டி, மேல பலவ போட்டுப் பாலம். அக்கரையில மொளைய அடிச்சி கவுத்தக் கட்டி, மொளைய பாத்துக்கச் சொல்லி ரெண்டாம் தண்டல ஒக்கார வெச்சாங்க. அதான் அவரு வேல. மொளை மேல கைய வெச்சிகினு ஒக்காந்துகீணும், அசஞ்சா 'பஸ்'ஸுன்னு, நிறுத்துன்னு அர்த்தம், அந்த ஒரே வார்த்த சொல்லணும். ஒன்ன மாத்த ஆள் வர்ற வரிக்கும் எடத்த வுட்டு நவுராதன்னு தொரை சொல்லிட்டாரு. அப்பால இன்னா அவசரமோ, இக்கரையில பாலத்த வெட்டி வுட்டுட்டு பட்டாளமே கெளம்பிடுச்சி. அவரு அங்கியேதான்."

"யாரும் போயி கூட்டிகினு வரலியா?"

"பாலம் இல்லியே சார்."

அதிலிருந்து இந்தக் கேங்கில் அந்த இடத்துக்கு யாரையும் வைப்பதில்லையாம். ஆனால் கூப்பிடுவார்களாம். அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று கேங் கைமாறினாலும் அந்தக் கூப்பிடுதல் மட்டும் நின்றதில்லை.

எனக்கு அதில் கோபம்தான் வந்தது. ஆள் இல்லாத இடத்துக்கு ஆஜர் எடுப்பது பட்டாளத்தில் பெரிய குற்றம். "நாளைக்கு கர்டர் தூக்கறப்ப இந்த கூத்தெல்லாம் வாணாம் பாய்" என்றேன். "மொளைய பாக்கணும்னா நெஜ ஆள வெக்கணும். ஆனா நான் அடிச்ச மொளைக்கு ஆளே தேவயில்ல."

"வாணாம்னா வுட்டுர்றேன் சார்" என்றார். நிஜ ஆளை வைக்க நான் நினைத்தேனா என்றால், இல்லை. எட்டுப் பேருக்கும் எட்டு வேலை இருந்தது. என் கைமேல் எனக்கிருந்த நம்பிக்கையில் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். அந்தத் தப்பு முழுக்க என்னுடையதுதான், அதை யார் தலையிலும் கட்டப் போவதில்லை.

மறுநாள் காலை எல்லாம் தயார். ஸ்டீபன் கால்வாய்க்குள் மேடைக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். கர்டர் கீழே வரும்போது போல்ட் ஓட்டையைச் சரியாகக் கூட்டிவைக்க வேண்டியது அவன் வேலை, அதாவது மூன்றரை டன்னுக்கு நேர் கீழே. காதர் பாய் ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டார், எல்லாரும் சொன்னார்கள், கடைசிப் பெயருக்கு வந்ததும் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். யாரும் அசையவில்லை. மோசஸ் வின்ச்சின் கைப்பிடியில் கையே வைக்கவில்லை.

தண்ணீரிலிருந்து ஸ்டீபன் சொன்னான், "மாமா, ஒரு வாட்டி கூப்ட்டா இன்னா கொறஞ்சிபூடும்? எனுக்கு ஒரு மாதிரி கீது."

சரி, தொலையட்டும் என்று நானே கூப்பிட்டேன். காதர் பாய் மாதிரி சாதாரணமாக இல்லை, கிண்டலாக, மைதானத்தில் ஹவில்தார் போடுகிற சத்தத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "ரெண்டாம் தண்டல்?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "இருக்கேன்" என்றது.

நம்புங்கள், நம்பாமல் போங்கள். கத்தவில்லை, முனகவில்லை, நாம் பக்கத்து அறையிலிருந்து பதில் சொல்வோமே, அந்த அளவு. கொஞ்சம் களைத்த குரல். எனக்கு அந்த நிமிஷம் பயமெல்லாம் வரவில்லை, மோசஸ்தான் ஏதோ விளையாடுகிறான் என்று எரிச்சல் வந்தது. ஆனால் மோசஸ் என் எதிரில்தான் நின்றான், வாய் மூடியிருந்தது. காதர் பாய் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் ஆயுசில் அந்தக் கூப்பிடுதலுக்குப் பதில் வந்ததே இல்லை என்று அப்புறம்தான் சொன்னார். அப்போது "ஆவேஸ்" என்று மட்டும் குரல் கொடுத்தார்.

அந்தத் தெரு ஆள் யாராவது சுவர் பக்கம் ஒதுங்கியிருப்பான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். போய்ப் பார்த்திருக்க வேண்டும். கர்டர் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது, என் கண் அதிலிருந்து எடுபடவில்லை. மேலே போனது, கால்வாய்க்கு மேலே வந்தது, காதர் பாய் "ஆரியா, ஆரியா" என்று மெதுவாக இறக்கச் சொன்னார். மேடைக்கு மேலே இரண்டு முழம் இருக்கும். ஸ்டீபன் குனிந்து கர்டருக்குக் கீழே தலையை விட்டு ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பஸ்."

அதே குரல். நிறுத்து என்று அர்த்தம். கேங்கில் யார் அந்த வார்த்தையைச் சொன்னாலும் வின்ச் நின்றாக வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. மோசஸ் நிறுத்திவிட்டான். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"நீங்க தான சார் சொன்னீங்க?"

நான் இல்லை என்று தலையசைத்தேன். காதர் பாயும் இல்லை. அப்போதுதான் எனக்கு உள்ளே ஏதோ உறைத்தது, சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

முன்வரிசை மூன்று முளையும் ஒரு சாண் சாய்ந்திருந்தன. அந்த இடம் நல்ல மண்ணே இல்லை. என்றைக்கோ அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொட்டி மேடாக்கிய நிலம், மேலே வெயிலில் காய்ந்து சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது, நாலடிக்குக் கீழே ஈரச் சாம்பல். நான் செம்மண்ணிலும் ஆற்று மணலிலும் முளை அடித்துப் பழகியவன். சுத்தியலால் அடிக்கும்போது கேட்ட 'ணங்' சத்தத்தை நம்பிவிட்டேன், இந்த ஊர்க்காரனாக இருந்தும். முளையைச் சுற்றிச் சாம்பல் கேக் மாதிரி வெடித்திருந்தது. கயிறு விண் விண்ணென்று அதிர்ந்துகொண்டிருந்தது. வின்ச் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தால் முளை பிடுங்கிக்கொண்டு கம்பம் கால்வாய்க்குள் விழுந்திருக்கும். ஸ்டீபன் அதற்குக் கீழே இருந்திருப்பான்.

அங்கே யாரும் இல்லை. சுவருக்குப் பின்னால் திறந்த வெளி, ஓடி ஒளிய ஒரு புதர்கூடக் கிடையாது.

ராத்திரிக் காற்று தூள் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டி, முந்தின நாள் தடங்களையெல்லாம் மூடியிருந்தது. ஆனால் முளைக்குப் பக்கத்தில் அந்தத் தூளில் யாரோ உட்கார்ந்த தடம் இருந்தது. இரண்டு குதிகாலும் நன்றாக அழுந்தியிருந்தன, பின்னால் இடுப்பு பதிந்த குழி. இழுபடுகிற கயிற்றைத் தாங்கிப் பிடிக்கிறவன் அப்படித்தான் உட்காருவான், காலை முட்டுக்கொடுத்து, முதுகைச் சாய்த்து. உட்கார்ந்த தடம் மட்டும்தான். அங்கே நடந்து வந்த தடமும் இல்லை, எழுந்து போன தடமும் இல்லை. என் செருப்புத் தடம் மட்டும் சுவரிலிருந்து அங்கே வரைக்கும் தெளிவாக இருந்தது.

ஸ்டீபனை மேலே வரச் சொல்லிக் கத்தினேன். அவன் வரமாட்டேன் என்று அடம்பிடிக்காமல் வந்தது ஆண்டவர் புண்ணியம். கர்டருக்குக் கீழே ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கிப் பாரத்தைத் தாங்க வைத்தோம். அதற்குப் பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷமும் சாய்ந்த முளை ஒரு நூலளவுகூட அசையவில்லை. எந்தக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அது நின்றிருக்கக் கூடாது. பிறகு ஆழமாகப் பள்ளம் தோண்டி ஒரு பெரிய மரத்தைப் படுக்க வைத்துப் புதைத்து, கயிற்றை அதில் மாற்றிக் கட்டி, நாலு மணிக்குக் கர்டரை உட்கார வைத்தோம். சாயங்காலம் ஸ்டீபனை வீட்டுக்குக் கூட்டிப்போனபோது பிலோமினா அவன் லுங்கியில் இருந்த சேற்றுக்காகத் திட்டினாள். அவள் திட்டுவதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தக் குரல் இல்லை காரணம், அதன் களைப்புதான். எனக்கு ஒன்று ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. பயிற்சியின்போது ஒரு ஆற்றங்கரையில் கயிறு கட்டிய முளைக்குக் காவலாக என்னை அக்கரையில் உட்கார வைத்துவிட்டு எங்களுக்கு மேலே இருந்த நாயக் சாப்பிடப் போய்விட்டார். மறந்தும் போய்விட்டார். காலை ஒன்பது மணியிலிருந்து இருட்டுகிற வரை, ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல், எழுந்து போகக் கூடாது என்பதால் போகாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வந்து சிரித்துக்கொண்டே தோளைத் தட்டினார். பத்தொன்பது வயதுப் பையன், அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். எனக்கு அது ஒரு பகல். இவருக்கு எத்தனை பகல் என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. இதில் கேங்காரர்கள் ஒவ்வொரு வேலைக்கும் அவரைக் கூப்பிடுகிறார்களே தவிர, வேலை முடிந்ததும் போகலாம் என்று யாராவது சொல்கிறார்களா என்று திடீரென்று தோன்றியது.

மறுநாள் கம்பத்தைப் பிரிக்கப் போனபோது காதர் பாயிடம் அதைத்தான் கேட்டேன்.

"இல்ல சார்" என்றார். "சொல்றதில்ல. எங்க நைனாவும் சொன்னதில்ல."

"ஏன்?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார், "அவரு பூட்டாருன்னா மொளைய யாரு பாக்கறது?"

ஐந்து முளையைப் பிடுங்கியாகிவிட்டது. பக்கத்தில் அந்த உட்கார்ந்த தடம் இருந்த ஒரு முளை மட்டும் வரவில்லை. மோசஸ் கடப்பாரை போட்டு நெம்பினான், ஸ்டீபனும் சேர்ந்து நெம்பினான், நேற்று பிடுங்கிக்கொண்டு வரப் பார்த்த முளை இன்றைக்கு அசையவில்லை. நான் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். காவல் மாற்றுவதற்குப் பட்டாளத்தில் ஒரு முறை உண்டு. வெறுமனே போ என்று சொன்னால் காவல்காரன் போக மாட்டான், போகவும் கூடாது. அவன் இடத்தில் இன்னொருவன் வந்து நிற்க வேண்டும், தன் பெயரையும் பதவியையும் சொல்ல வேண்டும். எனக்கு அது ரத்தத்தில் ஊறினது.

"வாணாம் சார்" என்றார் காதர் பாய். "இன்னா பண்ணப் போறீங்கன்னு தெரியுது. வாணாம்."

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முளையின் மேல் கையை வைத்தேன். "ரெண்டாம் தண்டல், நான் ஹவில்தார் சேவியர். உன்ன மாத்த வந்திருக்கேன். இந்த எடம் இனி என் பொறுப்பு. நீ போகலாம்" என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது, அதில் எனக்கு வெட்கமில்லை. என் மச்சான் உயிரோடு பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காற்று அடிக்கவில்லை, காக்கா கத்தவில்லை. முளை மட்டும் என் கையோடு வந்துவிட்டது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். நல்ல காரியம் ஒன்று செய்தோம் என்று மனசோடு வைத்துக்கொண்டிருப்பேன். ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வந்து மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். வஞ்சிரம் குழம்பு. பிலோமினா சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"யாரு கூப்ட்டாங்க?" என்றாள்.

"யாரும் கூப்பிடலியே."

"அப்பறம் எதுக்கு இருக்கேன்னு சொன்ன?"

நான் சொல்லவே இல்லை என்றேன். நன்றாகச் சத்தமாகச் சொன்னாய், கீழ் வீட்டுக்காரருக்கே கேட்டிருக்கும் என்றாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றேகால். வயசாகுது என்று சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டேன்.

சாயங்காலம் காதர் பாய் போன் செய்தார். கேங் அன்றைக்கு மணலி புதுநகர் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி தூக்குகிற வேலைக்குப் போயிருந்தது. நான் போகவில்லை, ஸ்டீபனும் லீவு. 

"அன்னியிலேர்ந்து கூப்பிடாமத்தான் இருந்தோம், இன்னிக்குக் கூப்ட்டோம் சார். பழக்க தோஷம். பதில் வந்துச்சு."

"அவரா?"

"இல்ல சார். ஒங்க கொரலு."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சாப்பாட்டுக்கு முன்னால் தூக்கிடலாம்னு ஒண்ணேகாலுக்கு ஆரம்பித்தோம் என்றார்.

அதற்கப்புறம் நாலு தடவை ஆகிவிட்டது. ஒரு தடவை பேங்க் வரிசையில், ஒரு தடவை பாதிரியாரோடு பேசிக்கொண்டிருக்கும்போது. எனக்கு வலி கிடையாது, மயக்கம் கிடையாது, டாக்டரும் பார்த்துவிட்டார். வலது உள்ளங்கை மட்டும் கொஞ்ச நேரம் சில்லென்று இருக்கும், இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்த மாதிரி. இனிமேல் கூப்பிடாதீர்கள் என்று காதர் பாயிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அப்புறம் நானே கூப்பிடச் சொல்லிவிட்டேன். கீழே யாரோ ஒருவன் நிற்கிறானே, அவனுக்கும் வீட்டில் ஒருத்தி சொல்லித்தானே அனுப்பியிருப்பாள். உயிரோடு இருக்கிறவரை இதைப் பார்த்துக்கொள்ளலாம், ஒன்றும் பாரமில்லை. அதற்குப் பிறகு என்ன என்பதைத்தான் நான் யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

நான் யோசிக்காததை ஸ்டீபன் யோசித்துவிட்டான் போலிருக்கிறது. ஒரு நாள் டீ குடிக்கும்போது, "மாமா, ஒங்கள மாத்தணும்னா நான் வரலாமில்ல?" என்று கேட்டான். அந்தப் பேச்சே கூடாது, இன்னொரு தடவை எடுத்தால் வீட்டை விட்டு அனுப்பிவிடுவேன் என்று நான் போட்ட சத்தத்தில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அவன் மீதி டீயைக் குடித்துவிட்டு எழுந்தான். போன வாரம் துணி துவைக்கும்போது அவன் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது என்று பிலோமினா கொண்டுவந்து கொடுத்தாள், ஏதோ ஜெபம் போலிருக்கிறது, பார் என்று. அன்றைக்கு முளையின் மேல் கை வைத்து நான் சொன்ன வார்த்தைகள், ஒன்றுகூட மாறாமல், அவன் கையெழுத்தில். என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவன் பெயர். கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். ஆனால் அந்தக் காகிதம் மடித்து மடித்து மடிப்பில் நைந்துபோயிருந்தது, இந்நேரம் அவனுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.